பூட்டாத அலுமாரி: பிள்ளைகளை வாசிக்க வைக்கும் வழி

எங்கள் பாடசாலையில் நூலகப் பொறுப்பு எனக்கு வந்தபோது முதலில் கைக்குக் கிடைத்தது ஒரு சாவிக்கொத்து. கண்ணாடிக் கதவு போட்ட நான்கு அலுமாரிகள். நான்கும் பூட்டியிருந்தன. திறந்து பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட புத்தகங்கள் ஒரு தடவைகூட இரவல் போகாதவை. பின்பக்கம் ஒட்டியிருந்த திகதிச் சீட்டு வெள்ளையாகவே கிடந்தது. ஏன் பூட்டி வைத்தீர்கள் என்று எனக்கு முன்னர் பொறுப்பில் இருந்தவரிடம் கேட்டேன். "தொலைஞ்சா நாங்கள்தானே ரீச்சர் பதில் சொல்லவேணும்" என்றார். அவரில் குறை சொல்ல ஏதுமில்லை. கணக்கெடுக்க வருகிறவர்கள் எத்தனை புத்தகம் குறைகிறது என்றுதான் கேட்பார்கள். எத்தனை புத்தகத்தைப் பிள்ளைகள் வாசித்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். திருகோணமலையில் கடற்கரையை ஒட்டிய பாடசாலை. என் பிள்ளைகளில் அநேகம் பேரின் வீட்டில் அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூலைத் தவிர வேறு புத்தகம் இல்லை. அந்தச் சாவிக்கொத்து கைக்கு வந்து 17 வருடமாகிறது. இந்தக் காலத்தில் செய்து பார்த்துப் பலித்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். தாய் தகப்பனுக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.

முதலில் காது, பிறகுதான் கண்

"புத்தகத்தைத் தொடவே மாட்டான் ரீச்சர், சரியான சோம்பல்" என்று அம்மாமார் வந்து சொல்வார்கள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி ஒரு பந்தி வாசிக்கச் சொன்னால் விஷயம் விளங்கிவிடும். வீட்டில் அவன் "அம்மா சமைச்சுக்கொண்டு நிக்கிறா" என்று பேசுகிறான். புத்தகத்தில் "அம்மா சமைத்துக்கொண்டிருந்தார்" என்று இருக்கிறது. அவன் "வாறன்" என்பான், புத்தகம் "வருகிறேன்" என்னும். எழுத்துகள் 247உம் அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தமிழை யாரும் பேசி அவன் கேட்டதில்லை. கேட்டறியாத சொல்லை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வேண்டும். எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வசனத்தின் தொடக்கம் மறந்துபோய்விடும். அலுக்காமல் என்ன செய்யும்?

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மிடம் ககரம் ஒன்றுதான். கடல் என்றால் ஒரு ஒலி, தங்கம் என்றால் வேறு ஒலி, அகலம் என்றால் இன்னொரு ஒலி. சொல்லை முதலே காதால் கேட்ட பிள்ளை யோசிக்காமல் சரியாகச் சொல்லும். கேட்காத பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் தடுமாறும். கெட்டிக்காரனா மக்கனா என்ற பேச்சே இதில் இல்லை.

ஆகவே மருந்து ஒன்றுதான். வாசித்துக் காட்டுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை உங்கள் பக்கத்தில் இருந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். நீங்கள் வாசிக்கும் வரியின் கீழே உங்கள் விரல் மெதுவாகப் போகட்டும். நாடகம் போல் நடிக்க வேண்டாம், பேசும் வேகத்தைவிடச் சற்று மெதுவாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தால் சரி. சிறு பிள்ளைக்குத்தான் வாசித்துக் காட்ட வேண்டும் என்று நினைக்காதீர்கள். தரம் 9 பொடியன்களுக்கு நான் இன்றைக்கும் வாசித்துக் காட்டுகிறேன். பின்வாங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்பார்கள், கேட்காததுபோல் இருப்பார்கள். அடுத்த நாள் விட்ட இடத்தை நான் பிழையாகத் தொடங்கினால் முதலில் திருத்துவது பின்வாங்குதான்.

ஒரு உபாயம் சொல்கிறேன். கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். அத்தியாயம் முடியும்வரை இழுக்காதீர்கள். கள்ளன் கதவைத் தள்ளுகிற இடத்தில் மணி அடித்துவிட்டது என்று புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போங்கள், அலுமாரிக்குள் வைக்காதீர்கள். இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் புத்தகம் நீங்கள் வைத்த இடத்தில் இருக்காது.

நீளச் சொல்லில் பென்சில் கோடு

தமிழில் சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டு நீளமாகிவிடும். "நடந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்று ஒரு சொல்லைத் தரம் 6 பிள்ளையின் முன் வைத்தால் முதல் மூன்று எழுத்தை வாசித்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்லும். ஊகிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

இதற்கு நான் செய்வது, மெல்லிய பென்சிலால் சொல்லுக்கு நடுவே நிறுத்தக் கோடு போடுவது. நடந்து, கோடு, கொண்டிருந்தவர்கள், கோடு, இடமிருந்து. பிள்ளை துண்டு துண்டாக வாசிக்கும். பிறகு சேர்த்து வாசிக்கும். மூன்றாவது தடவை பொருளோடு வாசிக்கும். இரண்டு வாரத்தில் கோடு போடும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். எங்கே வெட்டுவது என்று தேடும்போது இலக்கணம் தானாகப் படியும். புணர்ச்சி விதியைப் பாடமாக்கியும் விளங்காத பிள்ளைகளுக்கு இந்தப் பென்சில் கோட்டில் விளங்கியிருக்கிறது. புத்தகம் அழுக்காகுமே என்று சிலர் கேட்பார்கள். ஆகட்டும். பிறகு அழித்துக்கொள்ளலாம்.

பழைய புத்தகம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அம்மம்மாவின் பெட்டியில் இருந்து வரும் புத்தகங்களில் ணை, லை, ளை, னை எல்லாம் முன்னால் துதிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். றா, ணா, னாவும் வேறொரு பழைய வடிவத்தில் இருக்கும். தமிழ்நாட்டு அரசு 1978இல் இந்த எழுத்துகளை மாற்றியது, இங்கே அச்சில் மெல்ல மெல்லத்தான் மாறியது. இது தெரியாமல் ஒரு பிள்ளை "இந்தப் புத்தகத்தில் பிழை" என்று என்னிடம் திருப்பிக் கொண்டுவந்தது. ஒரு சிறு கடதாசியில் பழைய எழுத்தையும் புது எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுங்கள். இரகசிய எழுத்து மாதிரி விருப்பத்தோடு வாசிப்பார்கள்.

எந்தப் புத்தகம்?

வயதைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். ஐந்து விரலைப் பார்த்துக் கொடுங்கள். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தை விரித்து வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், அடுத்த தவணை பார்ப்போம். ஒரு விரலும் மடங்காவிட்டாலும் பரவாயில்லை, கொடுங்கள். லேசான புத்தகம் வாசிப்பது நேரத்தை வீணாக்குவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. சைக்கிள் ஓடப் பழகுகிறவனை மேட்டில் ஏற்றிவிடுவோமா?

தரம் 8இல் இருந்தும் தரம் 2 புத்தகத்தைத்தான் வாசிக்க முடிகிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் கையில் படம் போட்ட சின்னப் புத்தகத்தைக் கொடுத்தால் கூட்டாளிகளின் முன் கூச்சம் பிய்த்துத் தின்னும். அவர்களிடம் நான் இப்படிச் சொல்வேன்: "மகன், நாளைக்குத் தரம் 2 பிள்ளைகளுக்கு நீ கதை வாசிச்சுக் காட்டவேணும். இதைக் கொண்டுபோய்ப் பழகிக்கொண்டு வா." அந்தப் புத்தகத்தை எல்லோர் முன்னாலும் தலை நிமிர்ந்து கையில் வைத்திருப்பான். சின்னதுகளின் முன் பிழைவிடக் கூடாது என்று வீட்டில் பத்துத் தடவை வாசிப்பான். அடுத்த நாள் தரம் 2 வாசலில் நின்று வாசிக்கும்போது குரல் நடுங்கும். முடித்ததும் அந்தச் சின்னதுகள் "அண்ணா, இன்னொருக்கா" என்று கேட்கும். இதைவிட நல்ல மருந்தை நான் காணவில்லை. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அங்கேயும் இதைச் செய்யலாம்.

பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் "தெரியாது" என்றுதான் பதில் வரும். அவன் எதைப் பற்றிப் பேசுகிறான் என்று இரண்டு நாள் காதைக் கொடுங்கள். தரம் 7இல் ஒரு பொடியன், தகப்பன் கடலுக்குப் போகிறவர். வகுப்பில் வாயைத் திறக்கவே மாட்டான். ஒருநாள் இடைவேளையில் கூட்டாளியிடம் தகப்பன் திமிங்கிலம் கண்ட கதையைச் சொல்லிக்கொண்டு நின்றான். நம் கடலில் நீலத் திமிங்கிலமே வரும், பார்க்கவென்று வெளிநாட்டுக்காரர் படகு பிடித்துப் போகிறார்கள். அலுமாரியில் கடல்வாழ் உயிரினங்கள் பற்றி ஒரு மெல்லிய புத்தகம் கிடந்தது. ஒன்றும் பேசாமல் அந்தப் பக்கத்தை விரித்து அவன் மேசையில் வைத்தேன்.

விரலை வரியின் கீழே வைத்து வாசித்தான். "நீ-லத் தி-மிங்-கி-லம் உல-கின் மிகப்-பெரிய..." என்று வந்து "பாலூட்டி" என்ற சொல்லில் நின்றுவிட்டான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி, "ரீச்சர், மீன் இல்லையா அப்ப? பால் குடுக்குமா?" என்றான். "வாசிச்சுப் பார்" என்றேன். அடுத்த வரியில் அது மேலே வந்து மூச்சு விடும் என்று இருந்தது. "ஓம், அப்பா சொன்னவர், தண்ணி ஊதும் எண்டு." 30 மீற்றர் வரைக்கும் வளரும் என்று வாசித்ததும் எழுந்துபோய் விறாந்தையை அடி வைத்து அளக்கத் தொடங்கிவிட்டான். மணி அடித்தும் அவன் வகுப்புக்குள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அந்தப் புத்தகத்தை மூன்று மாதம் அவனே வைத்திருந்தான்.

நம் ஊரிலேயே பிள்ளைகளைப் புத்தகத்துக்குக் கூட்டிக்கொண்டுபோக எவ்வளவோ இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால்தானே போகிறோம். அந்த வாசல் கல்லில் பழைய தமிழ் எழுத்தும் இரட்டைக் கயலும் வெட்டியிருக்கிறது. கோயிலை இடித்துப் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையின் வாசலில் அந்தக் கல் நிற்கிறது. கோட்டைக்குள் திரியும் மானைப் பார்த்துக்கொண்டு போகிற பிள்ளைகளைக் கொஞ்சம் நிறுத்தி, "எந்த எழுத்தையாவது கண்டுபிடியுங்கோ பார்ப்பம்" என்று சொல்லுங்கள். பிறகு அந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனைப் பற்றி வாசிக்கக் கொடுத்தால் கையை நீட்டி வாங்குவார்கள். எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிக் கேட்கிற பிள்ளைக்கு 1942 ஏப்ரலில் யப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்ட கதையைக் கொடுங்கள். கதை எழுத விருப்பமுள்ள பெரிய பிள்ளைகளுக்கு நான் ஒன்று சொல்வதுண்டு. இலங்கைத் தமிழில் நாவல் என்று தொடங்கிய காலத்திலேயே, 1891இல் எழுதிய இன்னாசித்தம்பி நம் ஊர்க்காரர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவதை 1895இல் எழுதிய சரவணமுத்துப்பிள்ளையும் நம் ஊர்க்காரர். இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்காதீர்கள்

இதை நான் மிகவும் வருந்தித்தான் கற்றேன். முதல் மூன்று வருடமும் புத்தகம் கொடுத்தவுடன் ஒரு கடதாசியும் கொடுத்தேன். ஆசிரியர் பெயர், கதைச் சுருக்கம், கதை கூறும் படிப்பினை. நிரப்பிக் கொண்டுவந்தால்தான் அடுத்த புத்தகம். கடதாசிகள் அழகாக நிரம்பி வந்தன. ஒருநாள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது பன்னிரண்டு பேரின் கதைச் சுருக்கம் ஒரே எழுத்துப் பிழையோடு இருந்தது. ஒருத்தி எழுதியிருக்கிறாள், பதினொரு பேர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தை யாரும் திறக்கவே இல்லை. வாசிக்கிற பிள்ளையைக்கூட எழுதுகிற வேலைக்காரனாக நான் மாற்றிவிட்டேன் என்று அன்று மனம் மிகவும் நொந்தது. அன்றோடு கடதாசியை நிறுத்தினேன்.

இப்போது புத்தகம் திரும்பி வரும்போது ஒரே ஒரு கேள்விதான்: "யாருக்குக் குடுக்கலாம்?" சிலர் "ஒருத்தருக்கும் குடுக்காதீங்கோ, சரியில்லை" என்பார்கள். அதுவும் நல்ல பதில்தான். சிலர் ஒரு கூட்டாளியின் பெயரைச் சொல்வார்கள். ஏன் என்று நான் கேட்காமலே ஏன் என்று சொல்லத் தொடங்குவார்கள். கதைச் சுருக்கம் அப்போது வரும்.

பாதியில் விட்டால் திட்ட வேண்டாம். நாமும் எத்தனை புத்தகத்தைப் பாதியில் விட்டிருப்போம்! ஒரே புத்தகத்தை ஐந்தாம் தடவை கேட்டாலும் கொடுங்கள்.

வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால்

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்து பள்ளிக்கூடம் போக முடியாமல்போன தாய்மார் என் பிள்ளைகளுக்கு உண்டு. "எனக்கே வாசிக்கத் தெரியாது ரீச்சர், நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" என்று கண் கலங்குவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேளுங்கள். புட்டு அவிக்கும்போது பிள்ளையைக் குசினி வாசலில் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் "என்னது, இன்னொருக்காச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளைக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? அம்மம்மா இருந்தால் இன்னும் நல்லது. அவருக்குக் கதை தெரியும், நேரமும் உண்டு. "இல்லை மோனை, கதை அப்பிடிப் போகாது" என்று இடையில் மறிப்பார். அந்த வாக்குவாதத்தில் பிள்ளை திரும்பவும் பக்கத்தைப் பார்க்கும்.

புத்தகம் இல்லையென்றால் வாசிக்க ஒன்றுமே இல்லை என்று ஆகாது. சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கு வீரகேசரியோ தினகரனோ வரும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் சிறுவர் பகுதி இருக்கும். வாசித்து முடிந்த பழைய பேப்பரைக் கேட்டால் தருவார்கள். மருந்துத் தாள், கரண்ட் பில், பஸ்ஸின் பெயர்ப்பலகை, எல்லாவற்றையும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் போன நாட்களில் ஒரு வீட்டில் குப்பிவிளக்கைச் சுற்றி இருந்து மூத்த பிள்ளை வாசிக்க மற்றவர்கள் கேட்டார்களாம். மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகும் அந்த நேரத்துக்குச் சின்னவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று அந்த அம்மா சொன்னார்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருடம் வந்தால் கதைப் புத்தகத்தைப் பிடுங்கி வைக்கிற பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். கணக்குத் தெரிந்தும் கேள்வி விளங்காமல் பிழைவிட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இல்லையா? மூன்று வரிக் கேள்வியை ஒரே மூச்சில் வாசித்து விளங்குகிற பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்தில் நேரம் மிஞ்சும். அந்த வேகம் ரியூசனில் வராது. பிடித்த கதையை இரவில் பாயில் கிடந்து வாசிக்கும்போது வரும். தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

போன் பற்றி நீட்ட விரும்பவில்லை. சாப்பிட்டு முடிந்து படுக்கும்வரை வீட்டில் எல்லோருடைய போனும் ஒரே இடத்தில் இருக்கட்டும், அப்பாவுடையதும்.

எங்கே எடுப்பது?

பொது நூலகத்தில் பிள்ளையை அங்கத்தவராக்குங்கள். வழமையாக ஒரு விண்ணப்பப் படிவம், சிறு கட்டணம், பிணை நிற்பவரின் கையொப்பம் என்று இருக்கும். போய்க் கேட்டால் சொல்வார்கள். முதல் நாள் நீங்கள் கூடப் போங்கள். பெரிய மண்டபத்தைக் கண்டு பிள்ளை மிரளும். எண்களைச் சொல்லிக்கொடுங்கள், பயம் போய்விடும். நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசாம்சப் பகுப்பில் 500இல் விஞ்ஞானம், 800இல் இலக்கியம், 900இல் வரலாறும் புவியியலும். தமிழ் இலக்கியம் 894.811. என் திமிங்கிலப் பொடியனிடம் 599.5 என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரிடமும் கேட்காமல் நேரே இறாக்கைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தான்.

நம் நாட்டில் வெளிவந்த பழைய தமிழ்ப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் "நூலகம்" என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. 2005இல் தொடங்கியது. போனிலேயே இறக்கி வாசிக்கலாம். நான் வகுப்புக்கு வேண்டிய நாலைந்து பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொண்டுபோவேன்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளில் போட்டிகள், கண்காட்சிகள் நடக்கும், நல்லதுதான். ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். பேச்சுப் போட்டிக்குப் பரிசாகக் கிண்ணம் வாங்கும் காசுக்குப் புத்தகம் வாங்குங்கள், அதையும் பிள்ளையே கடையில் தெரிவு செய்யட்டும்.

உடைந்த புத்தகத்தைத் தைப்பது

உப்புக் காற்றில் நம் ஊரில் முதலில் சாவது புத்தகத்தின் கம்பி. மெல்லிய சிறுவர் புத்தகங்களின் நடுவில் அடித்த இரண்டு கம்பியும் ஒரு மாரி முடிவதற்குள் துருப்பிடித்து, தாளைத் தின்று, நடுத்தாள் கழன்று விழும். எறியாதீர்கள். துருப்பிடித்த கம்பியைக் கத்தி முனையால் நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். தாள்களை ஒழுங்காக அடுக்கி நடுவை விரித்து, மடிப்பின் மேல் ஊசியால் மூன்று துளை போடுங்கள், நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. நூலில் மெழுகுதிரியை இரண்டு தடவை தேய்த்துக்கொள்ளுங்கள், சிக்காது. உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே, மேல் துளையால் உள்ளே, உள்ளே நீளமாக வந்து கீழ்த் துளையால் வெளியே, திரும்பவும் நடுத்துளையால் உள்ளே. இப்போது இரண்டு நுனியும் உள்ளே இருக்கும். நீள நூலுக்கு ஒரு பக்கம் ஒரு நுனி, மறுபக்கம் மற்ற நுனியாகப் பிடித்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. பிள்ளைகளுக்கே பழக்கியிருக்கிறேன். தான் தைத்த புத்தகத்தை வாசிக்காமல் வைக்கிற பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

கிழிந்த தாளுக்கு செலோரேப் வேண்டாம், மஞ்சளாகிப் பிசினாகும். கோதுமை மாவைத் தண்ணீரில் கஞ்சி மாதிரிக் காய்ச்சி ஆறவிட்டு, மெல்லிய வெள்ளைத் தாள் கீற்றை வைத்து ஒட்டுங்கள். பூச்சி வராமல் இருக்கப் பசையில் துத்தம் போடுவார்கள், அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் புத்தகத்துக்கு நான் போடுவதில்லை. அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள், கறையான் வந்தாலும் கண்ணில் படும். கச்சான் காற்று வீசும் நாட்களில் புத்தகங்களை விறாந்தை நிழலில் விரித்து வையுங்கள். வெயிலில் வேண்டாம்.

கடைசியாக, அந்தச் சாவி

அலுமாரிகளை நான் பூட்டுவதில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கொப்பி கட்டித் தொங்குகிறது, கூடவே நூலில் ஒரு பென்சில். பெயர், வகுப்பு, புத்தகம், எடுத்த திகதி, தந்த திகதி. பிள்ளைகளே எழுதுவார்கள். தரம் 8 பிள்ளைகள் இரண்டு பேர் வெள்ளிக்கிழமைகளில் அதைப் பார்த்து, வராத புத்தகத்துக்குப் போய்க் கேட்டு வருவார்கள். தண்டப்பணம் இல்லை. தண்டம் வைத்த காலத்தில் புத்தகமும் வரவில்லை, பயந்து பிள்ளையும் வரவில்லை. தொலைந்தால் வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு புத்தகத்தைத் தரலாம், இல்லாவிட்டால் உடைந்த மூன்று புத்தகத்தைத் தைத்துத் தரலாம். கடந்த வருடம் ஒன்பது புத்தகம் குறைந்தது. பாடசாலை அதிபரிடம் அந்த எண்ணைச் சொல்லும்போதே எத்தனை தடவை இரவல் போனது என்ற எண்ணையும் கொப்பியைக் காட்டிச் சொல்லிவிடுவேன். நீங்களும் இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மார்கழி விடுமுறைக்கு முந்திய நாள் அலுமாரிகளை வெறுமையாக்குவேன். ஆளுக்கு மூன்று புத்தகம், வேண்டியதை எடுக்கலாம். பூட்டிய பாடசாலைக்குள் அந்தப் புத்தகங்கள் கிடந்து என்ன செய்யப்போகின்றன? அந்த நாட்களில் கடலும் கொந்தளிப்பாக இருக்கும், வள்ளங்கள் கரையில் கிடக்கும், மழையில் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். நனையாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு பொலித்தீன் பை கொடுத்து அனுப்புவேன். அப்படியும் நனைந்தால் விரித்து நிமிர்த்தி வைத்து, தாள்களுக்கு இடையில் பழைய பேப்பர் செருகி, ஈரமானதும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தடவை பாடசாலை தொடங்கிய அன்று புத்தகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. திமிங்கிலப் பொடியன் இப்போது தரம் 9. மூன்றில் இரண்டைத்தான் தந்தான். மூன்றாவதைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றான். தடித்த புத்தகம், ஒரு நாவல். நடுவில் எதுவோ துருத்திக்கொண்டிருந்தது. விரித்தேன். பக்க அடையாளத்துக்குக் காய்ந்த மீன் செதில் ஒன்றை வைத்திருந்தான். கழுவித் துடைத்துக் காயவைத்தது, கண்ணாடி போல் இருந்தது.

"இன்னும் முடிக்கேல்ல ரீச்சர். திரும்ப எடுக்கட்டா?"

செதிலை அதே பக்கத்தில் வைத்து மூடிக் கொடுத்தேன். கொப்பிக்குப் போய் அவனே புதுத் திகதி எழுதினான்.